காடு என்று எழுதவேண்டாம்

2025 ஏப்ரல் மாதம், ஒரு பின்னேரம். பள்ளிக்கூடம் விட்டு வந்து மோட்டார் சைக்கிளை இன்னும் நிறுத்தவில்லை, பக்கத்துக் காணித் தாத்தா படலையடியில் நிற்கிறார். கையில் ஒரு சொப்பிங் பை, அதை மடித்து நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி. "டீச்சர், காணியெல்லாம் எடுக்கப்போறாங்களாம், மூணு மாசந்தான் டைமாம். நம்ம காணி அதுல வருதான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். அவர் மலையகத்திலிருந்து வந்தவர். 48 வருஷம் எங்கள் ஊர்த் தண்ணி குடித்தும் அந்தப் பேச்சு மாறவில்லை.

அவர் சொன்னது மார்ச் 28 ஆம் திகதி வந்த வர்த்தமானியை. யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களில் கிட்டத்தட்ட 6,000 ஏக்கர் காணிக்கு உரிமை கோருகிறவர்கள் மூன்று மாதத்துக்குள் வந்து கோரவேண்டும், கோராவிட்டால் அது அரச காணி. முல்லைத்தீவில் மட்டும் 1,700 ஏக்கருக்கு மேல். போனில் இருந்த பிடிஎஃப்பைப் பெரிதாக்கி, விறாந்தையில் அவரைப் பக்கத்தில் இருத்தி, ஊர்ப்பெயர் ஊர்ப்பெயராகப் பார்த்தேன். எங்கள் ஊர் இல்லை. "இதில இல்லைத் தாத்தா, பயப்பிடாதேங்கோ" என்றேன். அவர் முகத்தில் ஒரு ஆறுதலும் வரவில்லை. பையைத் திரும்ப மடித்துக்கொண்டு, "அப்ப அடுத்ததுல வருமா?" என்று கேட்டார்.

ஜூன் கடைசியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது, அறிவித்தலும் மீளப் பெறப்பட்டது, ஊரில் எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி போகவில்லை. அதை யோசித்தபடி கனக்க வாசித்தேன், வவுனியாவில் சட்டத்தரணியாக இருக்கிற சித்தியின் மகளைப் போட்டு உலுப்பினேன், அவள் அனுப்பிய பழைய சட்டப் பக்கங்களை இரவில் பிள்ளைகள் படுத்த பிறகு எழுத்தெழுத்தாகப் படித்தேன். அதில் விளங்கினதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மூன்று மாதம்

அந்த வர்த்தமானி ஒரு புதிய அரசாங்கம் புதிதாக யோசித்துச் செய்த வேலை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது நின்றது 1931 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் மேல், காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் ஆட்சியில் எழுதியது. அதற்கும் ஒரு தாய் இருக்கிறது, 1897 ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டம். அதிலேயே இந்த மூன்று மாதம் இருக்கிறது. அறிவித்தல் போடு, தமுக்கடி, மூன்று மாதம் பார், ஒருவரும் வராவிட்டால் காணி முடிக்குரியது. 128 வருஷம் கழித்தும் அதே மூன்று மாதம். அன்று ஊருக்குள் தமுக்குச் சத்தமாவது கேட்டிருக்கும், இப்போது பிடிஎஃப்.

அந்தத் தாய்க்கும் ஒரு தாய் உண்டு. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். என் கணக்கில் அதுதான் அம்மம்மா. தங்கச்சி அனுப்பிய படத்தில் அதன் 6 ஆம் பிரிவை ஏழெட்டுத் தடவை படித்திருப்பேன். அதன் சாரம் இதுதான்: காடாக, தரிசாக, ஆளில்லாமல், பயிரில்லாமல் கிடக்கும் நிலமெல்லாம், மறுதலை நிரூபிக்கப்படும்வரை, முடியின் சொத்து என்றே கொள்ளப்படும்.

முதலில் 'காடு', 'தரிசு' என்ற சொற்களில்தான் என் கண் நின்றது. பிறகுதான் 'மறுதலை நிரூபிக்கப்படும்வரை' என்பதைக் கவனித்தேன். அதுவரைக்கும், ஒருவன் இன்னொருவன் காணியைத் தன்னுடையது என்று சொன்னால் சொல்கிறவன்தான் ஆதாரம் காட்டவேண்டும் என்று நாங்கள் எல்லாரும் நினைத்திருப்போம், ஊர் வழக்கு அதுதானே. இந்த ஒரு வரி அதைத் திருப்பிப் போட்டுவிட்டது. அரசாங்கம் ஒன்றும் காட்டத் தேவையில்லை, அது சும்மா இருக்கலாம். ஓடித் திரியவேண்டியது காணிக்காரன். கடதாசியே பழகாத ஊரில் கடதாசி கொண்டு வா என்கிறது சட்டம். கடதாசியும் எப்படிப்பட்டது என்றால், அதே 1840 இல் இன்னொரு சட்டம், 7 ஆம் இலக்கம், காணி கைமாறினால் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சியோடு, எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்றது. ஒரே வருஷத்தில் இரண்டு சட்டம். ஒன்று எழுத்து இல்லாததை எடுத்தது, மற்றது எழுத்து என்றால் எது என்று சொன்னது.

ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடுவில், 1803 ஒக்டோபர் 31 இல் வன்னியின் கடைசி மன்னன் பண்டார வன்னியனை வெள்ளைக்காரக் கப்டன் ஒருவன் தோற்கடித்த இடம் என்று கல் நட்டார்கள். வவுனியாவில் பண்டார வன்னியனுக்குச் சிலை இருக்கிறது. வன்னி போனது அன்றைக்குத்தான் என்று நாங்கள் படித்தோம், நானும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் படிப்பிக்கிறேன். இப்போது எனக்கு 1840 தான் பெரிய நாளாகப் படுகிறது. அந்த நாளில் ஒரு வெடியும் கேட்டிருக்காது. வன்னியில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவும் மாட்டாது.

காட்டுக்கு எத்தனை பெயர்

எங்கள் ஊரில் காடு என்பது ஒரு சொல் இல்லை. பெருங்காடு வேறு, பற்றைக்காடு வேறு, சேனைக்காடு வேறு, மாடு மேய்கிற தரவை வேறு. அம்மம்மா உயிரோடு இருந்தபோது, தூரத்தில் ஒரே பச்சையாகத் தெரிகிற பற்றையைப் பார்த்து, இது இன்னார் வெட்டின காடு, அது இன்னார் விட்டுப் போட்ட காடு என்று பிரித்துச் சொல்லுவா. சேனை என்றால் அதுதான் முறை. ஆவணிக்கு முதல் வெட்டி, காயவிட்டு, எரித்து, மழையோடு எள்ளு, குரக்கன், பயறு என்று போடுவார்கள். இரண்டு போகம் எடுத்த பிறகு மண்ணை ஆறவிட்டு அடுத்த துண்டுக்குப் போவார்கள். ஐந்தாறு வருஷத்தில் பற்றை எழும்பும், பிறகு திரும்பி வந்து வெட்டுவார்கள். ஆறப்போட்ட நிலத்தில் வேறு ஒருவன் கத்தி வைக்கமாட்டான், அது யாருடையது என்று ஊருக்குத் தெரியும்.

1840 சட்டம் இதையும் விட்டுவைக்கவில்லை. பல வருஷம் இடைவெளிவிட்டு மட்டும் செய்கை பண்ணக்கூடிய சேனை நிலங்களைப் பற்றித் தனியாக எழுதி வைத்திருக்கிறது. பழைய கண்டிப் பிரதேசம் என்றால், அரசர் கொடுத்த சன்னசு என்ற காணிப் பட்டயம் அல்லது வரி கட்டின அத்தாட்சி காட்டவேண்டும். மற்ற மாவட்டங்களில், அதாவது எங்களுடைய பக்கத்திலும், அப்படிப்பட்ட நிலம் காடு அல்லது தரிசு என்றே கருதப்படும். இதை எழுதியவர்களுக்குச் சேனை என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது. இடைவெளி விடுவார்கள் என்று தெரிந்துதான் அந்த இடைவெளியைப் பிடித்தார்கள். நிலத்தை ஆறவிடுகிற வழக்கமே அதை இழக்கிற காரணமாகிவிட்டது. அறியாமையில் எழுதியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

இடைவெளி என்று சொல்லும்போது எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. 2008 கடைசியில் நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்டோம். முள்ளிவாய்க்கால், பிறகு மெனிக்பாம் முகாம். திரும்பி வந்தது 2011. வீட்டடியில் நின்ற மாவைத் தவிர ஒன்றையும் அடையாளம் தெரியவில்லை, கிணற்றைக் கண்டுபிடிக்கவே ஒரு நாள் போனது, நாயுண்ணியும் பற்றையும் தலைக்கு மேல். தாத்தாவின் காணியில் பாதிக்கு மேல் மரமாகவே நின்றது. வெட்டித் துப்புரவாக்கிக்கொண்டு போனபோதுதான் நடுவே வெள்ளையாக ஒரு எல்லைக்கல் நின்றதைக் கண்டார். கல்லுக்கு அந்தப் பக்கம் காடாம். எந்தத் திணைக்களம் என்று இங்கே எழுதவில்லை, ஆனால் அங்கே போய் நின்றபோது நானும் கூடப் போயிருந்தேன். வரைபடத்தை விரித்துப் பச்சை நிறத்தைக் காட்டி, "ஐயா, இது காடு. உங்களிட்ட எழுத்தில ஏதும் இருக்கோ?" என்று கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள், கதிரை போட்டு இருத்தித்தான் கேட்டார்கள். அவர் பையைத் திறந்தார்.

அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். 80களின் கூப்பன் மட்டை ஒன்று, ஸ்டேப்ளர் ஊசியின் கறள் பட்டு ஒரு மூலை செம்பழுப்பு. மூத்த மகளின் பிறப்புச் சான்றிதழ், அதில் எங்கள் ஊர்ப் பெயர். கமநல சேவை நிலையத்தில் ஏக்கர் வரி கட்டிய பற்றுச்சீட்டு இரண்டு. அந்த நாளைய விதானையார் ஒற்றைத் தாளில் எழுதிக் கொடுத்த கடிதம், மடித்த இடமெல்லாம் கிழிந்து ரேப் ஒட்டியது. மாத்தளனில் சட்டி பானையையும் விட்டுவிட்டு ஓடிவந்தவர், இவற்றைப் பால்மா ரின் ஒன்றுக்குள் போட்டு இடுப்போடு கட்டிக்கொண்டு வந்தார். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நீங்கள் இங்க இருந்ததுக்கு அத்தாட்சி. காணி உங்கட என்றதுக்கு அத்தாட்சி இல்லை" என்று சொன்னார்கள்.

எங்கள் வீட்டிலும்

எங்களுக்குக் கடதாசி இருந்தது. அதுவும் ஒரு கதை. அம்மம்மாவின் சீதனக் காணிக்கு உறுதி உண்டு, அது தேசவழமை என்ற எங்கள் வழமைச் சட்டப்படி அம்மாவுக்கு வந்தது. அம்மப்பாவுக்குக் குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த 3 ஏக்கர் வயல் பெர்மிட் காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்துக்குக் கீழ் கொடுத்தது. அந்தச் சட்டம் கெட்ட எண்ணத்தில் எழுதப்படவில்லை, கமக்காரன் கடனுக்குக் காணியை விற்றுப் போட்டுத் தெருவில் நிற்கக்கூடாது என்றுதான் விற்கவும் ஈடு வைக்கவும் தடை போட்டார்கள். ஆனால் அந்தக் காணிக்குத் தேசவழமை செல்லாது. பின்னுரித்தாளியைப் பெயர் சொல்லாமல் செத்தால் சட்டத்தின் அட்டவணையில் இருக்கும் வரிசைதான், ஆணுக்கு முன்னுரிமை, மூத்தவனுக்கு முன்னுரிமை. 2022 இல்தான் அந்த வேறுபாடு திருத்தப்பட்டது.

அம்மப்பா ஒருவரையும் பெயர் சொல்லவில்லை. வயலைப் பன்னிரண்டு வருஷம் செய்தது அம்மா. தண்ணி கட்டினது, விதைநெல்லுக்குத் தோடு அடகு வைத்தது, யானை வராமல் இரவில் காவலிருந்தது எல்லாம் அவா. காணி பெரிய மாமாவுக்குப் போனது. மாமா வெளிநாட்டில். மாமாவில் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அவர் கேட்டு வாங்கவும் இல்லை, அட்டவணை கொடுத்தது. ஒரே வீட்டுக்குள், ஒரே தாய் பிள்ளைகளுக்கு, வரம்புக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் இன்னொரு சட்டம். கமக்காரன் என்றால் ஆண் என்று எங்கேயோ ஒரு மேசையில் யாரோ முடிவு எடுத்திருக்கிறார்கள், அந்த முடிவு எங்கள் குசினி வரைக்கும் வந்து நின்றது.

கோப்பி மலை

இவ்வளவும் தெரிந்த பிறகும், 1840 சட்டத்தில் நாங்கள் வன்னியார்தான் அகப்பட்டோம் என்றொரு எண்ணம் எனக்குள் இருந்தது. அதை உடைத்தது தாத்தா.

போன மாரியில் ஒரு இரவு கரண்ட் இல்லை, மழை, அவரும் மனைவியும் எங்கள் விறாந்தையில் வந்து இருந்தார்கள். தேத்தண்ணி குடித்தபடி நான் படித்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன், படிப்பிக்கிற பழக்கம், நிறுத்தத் தெரியாது. இந்தச் சட்டம் முதலில் வந்தது கோப்பிக்காகத்தான் தாத்தா, மலைநாட்டுக் காட்டையெல்லாம் முடியின் காணி ஆக்கி ஏக்கர் 5 சிலிங்குக்குத் தோட்டக்காரருக்கு விற்றார்கள், ஆளுநர் மெக்கென்சியே வாங்கினார், சட்டம் போட்டவர்களும் காணி வாங்கினவர்களும் ஒரே கூட்டம்தான் என்றேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "அந்தக் காட்ட யாரு வெட்டுனா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. அவரே சொன்னார். அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் ஆட்கள் தோணியில் மன்னாருக்கு வந்து இறங்கி, காட்டுவழியே நடந்து மாத்தளைக்குப் போனார்களாம், வழியில் விழுந்தவர்களை விழுந்த இடத்தில் விட்டுவிட்டுப் போனார்களாம், பாட்டி சொன்ன கதை. அது வரலாற்றுப் புத்தகத்திலும் இருக்கிறது, அந்த வடக்கு வழி வன்னியின் ஓரமாகத்தான் போனது. பிறகு கோப்பி போய்த் தேயிலை. 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம், 18 ஆம் இலக்கம், அவருடைய அப்பாவை நாடற்றவர் ஆக்கியது. 1977 கலவரத்தில் லயம் எரிந்தது. இருபது வயதில், கல்யாணமாகி ஆறு மாதத்தில், ஒரு பெட்டியோடு வவுனியாவில் பஸ்ஸால் இறங்கி, பிறகு எங்கள் ஊர். 78 இல் இந்த இரண்டு ஏக்கரை வெட்டினார். "அங்கயும் காடு வெட்டினது நாங்கதான் டீச்சர். இங்கயும் காடு வெட்டினது நாங்கதான். ரெண்டு எடத்துலயும் காணி கவுமெண்டோடது."

மழை பெய்துகொண்டே இருந்தது, அவருடைய மனைவி வெளியே பார்த்தபடி இருந்தா. எனக்கு வெட்கமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. ஒரே வரி, 1840 இல் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரி, அவருடைய ஆட்களைக் கடல் கடந்து இழுத்து வந்தது, மலையில் காணி இல்லாதவர் ஆக்கியது, அங்கேயிருந்து அடித்துத் துரத்தப்பட்டு ஓடிவந்தவரை வன்னியிலும் வந்து பிடித்தது. எங்கள் ஊர் ஆட்களும் அவரை எப்படி வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். கூலி வேலைக்குக் கூப்பிடுவார்கள், கோயில் திருவிழாவில் உபயம் கொடுக்கமாட்டார்கள். காணிப் பிரச்சினை என்று கூட்டம் வைத்தால், "அவை அத்துமீறி இருந்த ஆக்கள், எங்கட பிரச்சினை வேற" என்று என் காது கேட்கச் சொன்னவர்கள் உண்டு. 'அத்துமீறல்' என்பது அந்த 1840 சட்டத்தின் தலைப்பிலேயே இருக்கிற சொல். அதை நாங்கள் எங்கள் வாயாலேயே பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சொல்கிறோம்.

அப்புக்காத்துமார்

அந்த இரவுக்குப் பிறகு நான் சட்டத்தரணிமாரைப் பற்றி யோசிக்கிற விதமும் மாறியது. எங்கள் சமூகத்தில் அப்புக்காத்து, புறக்கிராசி என்றால் ஒரு தனி மரியாதை. அந்தச் சொற்களே போர்த்துக்கீசரோடும் ஒல்லாந்தரோடும் வந்தவை. இராமநாதன், பொன்னம்பலம், செல்வநாயகம் என்று எங்கள் தலைவர்களில் பெரியவர்கள் எல்லாம் சட்டம் படித்தவர்கள். அதனால் எங்கள் அரசியலும் ஒரு வழக்கு மாதிரியே நடந்தது. மனு, ஒப்பந்தம், ஷரத்து. 1957 இன் பண்டா–செல்வா ஒப்பந்தத்தில்கூட, காணி யாருக்குக் கொடுப்பது என்று தெரிவு செய்யும் அதிகாரம் பிராந்திய சபைகளுக்கு என்று எழுதியிருந்தது. காணியின் உயிர்நாடி எங்கே என்று செல்வநாயகத்துக்குத் தெரிந்திருக்கிறது. ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது என்பது வேறு விஷயம்.

எங்கள் சட்டம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்கிற தேசவழமையையும் எடுத்துப் பார்த்தேன். 1707 இல், ஒல்லாந்தர் காலத்தில், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்து, தமிழில் பெயர்த்து, 12 முதலியார்மாரிடம் காட்டிச் சரி பார்த்தது. 1806 இல் பிரித்தானியர் அதற்குச் சட்டமாக முழு வலு கொடுத்தார்கள். பெண்ணுக்குச் சீதனம், பரம்பரையாக வந்த முதுசொம், கல்யாணத்துக்குப் பிறகு தேடிய தேடியதேட்டம் என்று பிரித்துக் காப்பாற்றிய நல்ல பக்கம் அதில் இருக்கிறது, அதனால்தான் அம்மாவுக்கு ஒரு துண்டுக் காணியாவது மிஞ்சியது. ஆனால் அதே தொகுப்பு அடிமைகளைச் சாதி சொல்லி எழுதியும் வைத்திருக்கிறது. கேட்டது 12 முதலியார்மாரை. அடிமையாக எழுதப்பட்டவர்களில் ஒருவரைக்கூட மேசைக்குக் கூப்பிட்டு, இது உங்கள் வழக்கம்தானா என்று கேட்கவில்லை. சட்டம் எழுதுகிறபோது யாரைக் கேட்டார்கள் என்று இப்போதெல்லாம் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

இதற்கு வேர் இன்னும் ஆழம். 1603 இல் ஒல்லாந்தக் கப்பற்காரர் சிங்கப்பூருக்குப் பக்கத்தில் போர்த்துக்கீசக் கப்பல் ஒன்றைச் சாமானோடு பிடித்தார்கள். அதை நியாயப்படுத்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி பிடித்தது ஒரு இளம் சட்டத்தரணியை, ஹியூகோ குரோசியஸ். கடல் எல்லாருக்கும் பொது என்று அவர் வாதாடி எழுதினார். பிறகு அதே கம்பனி இலங்கைக்கு வந்து கறுவாவைத் தன் தனிச்சொத்து ஆக்கிக்கொண்டது. குரோசியஸ் ஒழுங்குபடுத்தி விளக்கி எழுதிய உரோம-ஒல்லாந்தச் சட்டம்தான் இன்றைக்கும் எங்கள் நீதிமன்றங்களில் பொதுச் சட்டம். பீரங்கிக்கு முன்னால் ஒரு வழக்கறிஞன் நடந்து போயிருக்கிறான்.

சரி, சட்டத்தரணிமார் எல்லாரும் பிழையா என்றால், இல்லை. 2025 இல் அந்த வர்த்தமானியை நிறுத்தினதும் சட்டத்தரணிமார்தான், மனுப் போட்டு, வாதாடி. சிட்னியில் இருக்கிற என் மச்சான், இதைப் பற்றிக் கதைத்தபோது மாபோ வழக்கைச் சொன்னார். மரே (மேர்) என்ற சின்னத் தீவின் ஆட்கள் 1982 இல் போட்ட வழக்கு, பத்து வருஷம் இழுத்து 1992 ஜூன் 3 இல் தீர்ப்பு. வெள்ளைக்காரன் வரும்போது அது யாருடையதுமல்லாத நிலம் என்ற கதையை அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றமே நிராகரித்தது. எந்தத் தோட்டம் எந்தக் குடும்பத்தினுடையது, எந்த மரம், எந்தக் கல் எல்லை என்று தீவுக்காரர் வாயால் சொன்ன சாட்சியம் அங்கே எடுபட்டது. வழக்கை முன்னால் நின்று நடத்திய எடி மாபோ தீர்ப்புக்கு நாலரை மாதம் முதல் இறந்துபோனார். அதைக் கேட்ட அன்றிரவு எனக்கு அம்மம்மாதான் ஞாபகம், இது இன்னார் வெட்டின காடு, அது இன்னார் விட்டுப் போட்ட காடு.

இங்கே நிலைமை எதிர்ப்பக்கம் போயிருக்கிறது. 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அரச காணி என்று ஒரு அதிகாரி சொல்லி, வெளியேறச் சொல்லிக் கடிதம் கொடுத்து, நீதவான் நீதிமன்றத்துக்குப் போனால், இருக்கிறவர் அங்கே காட்டக்கூடியது ஒன்றே ஒன்றுதான், செல்லுபடியான பெர்மிட் அல்லது அரசின் வேறு எழுத்து மூல அதிகாரம். இது அரச காணியே இல்லை என்று அந்த நீதிமன்றத்தில் வாதாடவே முடியாது. 1840 சட்டமாவது மறுதலையை நிரூபி என்றது. இது சுதந்திரம் கிடைத்து 31 வருஷத்துக்குப் பிறகு நாங்களே போட்ட சட்டம். யுத்தத்தில் காணியை விட்டு ஓடியவர்களுக்காக 2016 இல் ஒரு நல்ல சட்டமும் வந்தது, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று. அது உங்கள் காணியில் இன்னொருவர் வந்து இருந்தால் உதவும். அரசுக்கு எதிராக ஆட்சியுரிமை கோர 1871 ஆம் ஆண்டுச் சட்டமே இடம் கொடுக்கவில்லை. தாத்தாவுக்கு இதில் ஒன்றும் இல்லை.

ஆனாலும் விண்ணப்பம் போடலாம், பெர்மிட் கேட்கலாம் என்று தங்கச்சி சொன்னாள். இருந்த அத்தாட்சியெல்லாவற்றையும் கோர்த்து, சத்தியக்கடதாசி ஒன்று முடிக்கச் சொன்னாள். போன மாதம் ஒரு சனிக்கிழமை, தாத்தாவை ஏற்றிக்கொண்டு சந்தியில் இருக்கிற சமாதான நீதவான் (ஜேபி) ஒருவரிடம் போனேன். போட்டோக்கொப்பிக் கடையின் பின்பக்கம் அவருடைய மேசை. எங்கள் பக்கத்து ஆள், எல்லா ஊரும் தெரிந்தவர். பையில் இருந்ததையெல்லாம் பொறுமையாகப் பார்த்தார், எழுதத் தொடங்கினார்.

வடக்கு எல்லை, வீதி. கிழக்கு, என் அம்மாவின் சீதனக் காணி. தெற்கு, வாய்க்கால். "மேற்க காடு தானே" என்று அவரே சொல்லிக்கொண்டு எழுதப் போனார். எழுத்து விழத் தொடங்கிவிட்டது.

"காடுன்னு எழுதாதீங்க ஐயா" என்றார் தாத்தா. கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

"பின்ன என்னத்தை ஐயா எழுதுறது? கல்லுக்கு அங்கால காடு தானே நிக்குது?"

"நான் எள்ளு போட்ட எடம். 81-ல வெட்டுனேன். ரெண்டு போகம் எடுத்து ஆறப்போட்டு, திரும்ப வெட்டி, அப்படி வச்சிருந்தேன். எள்ளுக்காணின்னு எழுதுங்க."

ஜேபி பேனையைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். சத்தியக்கடதாசி, பொய் எழுதக்கூடாது. எனக்கு ஏழு எட்டு வயதிருக்கும், அந்த மேட்டில் எள்ளுக் கதிரைக் கட்டுக் கட்டாக ஒன்றோடு ஒன்று சாத்திக் காயவிட்டிருப்பார்கள், நாங்கள் ஓடிப்போய் ஒரு கட்டைத் தட்டிவிட்டு, படங்கில் கொட்டுகிற எள்ளை அள்ளி வாயில் போட்டு, தாத்தாவின் மனைவியிடம் ஏச்சு வாங்கியிருக்கிறோம். அந்த இடம் எனக்குத் தெரியும்.

"ஓம் ஐயா, அது எள்ளுக்காணிதான். நான் கண்டிருக்கிறன்" என்றேன். "என்ர பேரையும் சாட்சியாப் போடுங்கோ."

அவர் எழுதியிருந்த 'கா'வை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் சின்னதாகக் கையொப்பம் வைத்தார். தாத்தாவையும் அந்த இடத்தில் ஒரு கையொப்பம் வைக்கச் சொன்னார். தாத்தா பேனையை வாங்கி, கண்ணாடியைச் சரிபண்ணி, ஒவ்வொரு எழுத்தாக வைத்து முடிக்கும்வரை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு ஜேபி மேற்கு எல்லையை எழுதினார்.